இந்த வருஷம் வள்ளி யார்?

பங்குனி பிறந்துவிட்டால் வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் டீக்கடைச் சுவர்களுக்குப் புதுக் களை வந்துவிடும். திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

நோட்டீசின் உச்சியில் மாரியம்மனோ அய்யனாரோ இருப்பார். அதற்குக் கீழே காப்புக் கட்டும் நாள், பால்குடம், தீமிதி என்று வரிசையாக இருக்கும். அதை யாரும் நின்று படிப்பதில்லை. வருஷா வருஷம் நடப்பதுதானே! கண் நேரே அடிப்பக்கத்துக்குப் போகும். அங்கே சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு வேஷம்.

"இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம் நாடகம்."

வள்ளி கதை தெரியாதவர் யார்? தினைப்புனம் காத்த குறப்பெண்ணை முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து மணம் முடித்த கதை. முடிவும் எல்லோருக்கும் தெரியும். விடிவதற்குள் கல்யாணம் ஆகிவிடும். அப்படியிருக்க, நோட்டீசைச் சுற்றி ஏன் இத்தனை கூட்டம்?

"இந்த வருஷம் வள்ளி யாருண்ணே?"

அதுதான் கேள்வி. பெயரைப் படித்ததும் பேச்சு தொடங்கிவிடும். ஒருவர், "போன மாசம் பக்கத்து ஊர்ல பார்த்தேன். பாட்டு தேன்தான். ஆனா நாரதர் கேட்ட கேள்விக்குப் பதில் வரலே" என்பார். இன்னொருவர், "அது நாரதர் குத்தம். அந்தப் பொண்ணைப் பேசவே விடலையே!" என்பார். மூன்றாவது ஆள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "முருகன் யாருன்னு பார்த்தீங்களா? இவருக்கும் அந்தம்மாவுக்கும் எப்படிச் சேரும்?" என்று கேட்பார். டீ ஆறிப் போகும்.

இரண்டு பேர் சேர்ந்து பாடினால் யார் பெரியவர் என்று பார்ப்பது வேதாரண்யத்துக்குப் புதிதல்ல. திருமறைக்காட்டுக் கோவிலின் கதவு திறக்க அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது. அது மூடிக் கொள்ளச் சம்பந்தர் ஒரு பாட்டுப் பாடியதே போதுமாயிருந்தது. அதை நினைத்து அப்பர் வருந்தினார் என்று பெரிய புராணம் சொல்லுகிறது. நாயன்மார்களையே ஒப்பிட்டுப் பேசிய ஊர், நாடகக்காரர்களையா விட்டுவிடும்!

ஒத்திகை இல்லாத நாடகம்

இப்படி நடக்கும் நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். கம்பெனி நாடகம் வேறு, இது வேறு. கம்பெனி என்றால் ஒரு முதலாளி, ஒரு கூட்டம் நடிகர்கள், ஒரே சமையல், மாதக் கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்தில் அதெல்லாம் இல்லை. ஓர் இரவுக்காகத் தனியே ஏற்பாடு செய்யப்படும் நாடகம் அது. முருகன் மதுரையிலிருந்து வருவார். வள்ளி புதுக்கோட்டையிலிருந்து வருவார். பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியம் வேறோர் ஊர். அவரவர் பெட்டியைத் தூக்கிக் கொண்டு அவரவர் பஸ்சில் வந்து சேருவார்கள்.

ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையில்தான் முருகனும் வள்ளியும் முதன் முதலில் சந்திப்பார்கள்!

பிறகு எப்படி நாடகம் நடக்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை இருக்கிறது. 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த அவர், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று எழுதி வைத்த நாடகங்களும் பாட்டுக்களும்தான் இன்றைக்கும் அடிப்படை. எந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டு என்று ஆர்மோனியக்காரருக்குத் தெரியும். நடிகருக்கும் தெரியும். நடுவில் வரும் பேச்சு அவரவர் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்துக்குத் 'தர்க்கம்' என்று பெயர். தினைப்புனத்துக்கு வரும் நாரதர் வள்ளியைக் கேள்வி கேட்பார். வள்ளி பதில் சொல்ல வேண்டும். பதிலோடு ஒரு கேள்வியையும் திருப்பிப் போட வேண்டும். புராணம், இலக்கணம், குடும்பம், உலக நடப்பு எல்லாம் அதில் வரும். பிறகு வேடன் வருவான். மறுபடி தர்க்கம். நல்ல ஜோடியாக அமைந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அமையாவிட்டால் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள்.

ஆகவே, யாருக்கு எதிரே யார் நிற்கிறார் என்பதில்தான் நாடகமே இருக்கிறது. நோட்டீசைப் பார்த்து ஊர் நடத்தும் விவாதத்தை வெறும் வம்பு என்று நான் சொல்ல மாட்டேன். நடிகர்கள் செய்யாத ஒத்திகையை ஜனங்கள் மனத்துக்குள் செய்து பார்க்கிறார்கள்.

இதில் கெடுதலும் உண்டு. பெரிய நடிகர்கள் ஒருவரை ஒருவர் மடக்குவதிலேயே குறியாக இருந்தால் கதை காற்றில் போய்விடும். இந்தப் போட்டி சுவாமிகளுக்கே அலுத்துவிட்டது என்றும், அதனால்தான் அவர் சிறுவர்களைச் சேர்த்து நாடகம் பழக்கினார் என்றும் சொல்வார்கள். 1918-ல் மதுரையில் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அந்த மாதிரிப் பாலர் கம்பெனிகள் எல்லாம் பின்னால் சினிமா வந்ததும் மறைந்துவிட்டன. போட்டியும் சண்டையுமான ஸ்பெஷல் நாடகம் கிராமத்துத் திருவிழாவில் ஒட்டிக் கொண்டு பிழைத்துவிட்டது!

சுருதி சேருமா?

ரசிகர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள். அது சுருதி.

ஆர்மோனியத்தில் கட்டைகளை எண்ணித்தான் சுருதியைச் சொல்வது வழக்கம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நடிகர்கள் உச்சத்தில் எடுத்துப் பாடிப் பழகினார்கள். ஆனால் ஆணுக்கு ஒத்து வரும் கட்டை பெண்ணுக்கு ஒத்து வராது. தனித்தனியாகப் பாடும் போது கவலை இல்லை. வள்ளியும் வேலனும் மாறி மாறிப் பாடும் இடத்தில் யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும், அல்லது ஏறிப் போக வேண்டும். ஏறிப் போனவர் தொண்டை மறுநாள் கட்டிவிடும். மறுநாள் வேறோர் ஊரில் நாடகம் இருக்குமே!

இதைச் சமாளிப்பவர் ஆர்மோனியக்காரர். யாருக்கு எந்தக் கட்டை, யாருக்குப் பாட்டு மறந்து போகும், யார் தாளத்தில் தடுமாறுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மறந்தால் அவரே எடுத்துப் பாடிக் கொடுப்பார். ஒத்திகை இல்லாத நாடகத்தில் ஒத்திகைக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறவர் அவர்தான். ஆனால் நோட்டீசில் அவர் படம் பெரும்பாலும் கீழ் வரிசையில்தான் இருக்கும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கொழும்பில் சேர்ந்த ஜோடி

ஜோடி பற்றிப் பேச்சு வந்தால் வயதானவர்கள் ஒரு கதை சொல்லாமல் விட மாட்டார்கள். அது எஸ்.ஜி.கிட்டப்பா - கே.பி.சுந்தராம்பாள் கதை.

1926-ஆம் வருஷம். இடம் இலங்கை. கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் அங்கே நாடகமாடிப் பெரும் பெயர் எடுத்திருந்தார். செங்கோட்டைக் கிட்டப்பாவும் அங்கே வந்தார். இருவருக்கும் இருபதை ஒட்டிய வயதுதான். இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றலாம் என்று பேச்சுக் கிளம்பியது. உடனே ஆளுக்கு ஆள் பயமுறுத்த ஆரம்பித்தார்களாம். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடினால் சுந்தராம்பாளின் பெயர் கெட்டுவிடும் என்றார்களாம். சுந்தராம்பாள் பின்வாங்கவில்லை.

நாடகம் எது தெரியுமா? வள்ளி திருமணம்தான்.

ஒருவர் குரலுக்கு ஒருவர் குரல் பதில் சொல்லியது. மறு வருஷம் இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். ஆனால் அந்த ஜோடி நிலைக்கவில்லை. 1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். வயது 27. அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' சினிமாவில் அவர் போட்டது நந்தனார் வேஷம், ஆண் வேஷம்!

நம் ஊர் ஜனங்கள்தான் இப்படி ஜோடி பார்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். 'பாலே' என்றொரு நாட்டியம் மேல் நாடுகளில் உண்டு. பேச்சே இல்லாமல், சங்கீதத்தோடு, கால் விரல் நுனியில் நின்று ஆடிக் கதை சொல்வார்கள். அங்கும் கதைகள் பழைய கதைகளே. வரப் போகும் மாதங்களில் என்ன நாட்டியம், எந்த இரவு யார் ஆடுகிறார் என்று கம்பெனி அறிவித்ததும் ரசிகர்கள் வாதம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். 1962 பிப்ரவரி 21-ல் லண்டனில் 'ஜிசெல்' நாட்டியத்தில் மார்கோ பான்டெய்ன் என்ற அம்மையாரும், ரஷ்யாவிலிருந்து வந்துவிட்ட நூரியேவ் என்ற வாலிபரும் சேர்ந்து ஆடினார்கள். அம்மையாருக்கு 42 வயது. வாலிபருக்கு 23. இது பொருந்துமா என்று அம்மையாருக்கே தயக்கம் இருந்தது. ஆடி முடித்த பிறகு உலகம் முழுவதும் அந்த ஜோடியைத்தான் கேட்டது. பல வருஷங்கள் சேர்ந்து ஆடினார்கள்.

சேர மறுத்தார்கள்

ஜோடி சேராமல் போனதற்குச் சுருதியும் வயதுமே காரணமாக இருந்ததில்லை.

சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் விசுவநாததாஸ். முருகன் வேஷத்துக்குப் பேர் போனவர். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்திலேயே வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைச் சேர்த்துப் பாடிவிடுவார். போலீசார் மேடைக்கு அருகிலேயே காத்திருப்பார்கள். பல முறை சிறை சென்றார். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரண்யத்தில் உப்பு எடுத்தார்களே, அந்தக் காலத்தில் நாடக மேடை இப்படித்தான் இருந்தது.

இத்தனை புகழ் பெற்றவருக்கு வள்ளி கிடைப்பது கஷ்டமாக இருந்தது! அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால், அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தார்கள். முருகன் குறப்பெண்ணைத் தேடிப் போய்க் கைப்பிடித்த கதையை நடிப்பதற்கே ஜாதி பார்த்தார்கள். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையில் இருக்கும் போதே அவர் உயிர் பிரிந்தது.

வரி கொடுத்தவர் பேசுவார்

கிராமத்து நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் இனாமும் இல்லை. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டுத்தான் பணம் சேர்க்கிறார்கள். சம்பா அறுவடை முடிந்து, கையில் நாலு காசு இருக்கும் காலம் அது. வயலும் காய்ந்து கிடக்கும். மழைப் பயமும் இல்லை. உப்பளத்தில் மட்டும் வேலை மும்முரமாக நடக்கும். இரவெல்லாம் நாடகம் பார்த்துவிட்டு, விடிந்ததும் பாத்திக்கு இறங்க வேண்டியவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். தூக்கத்தைக் கொடுத்து நாடகம் பார்க்கிறவருக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா?

விழாக் குழுவினர் பாடு திண்டாட்டம்தான். முதலில் எந்த நாடகம் என்பதிலேயே தகராறு. பெரியவர்கள் அரிச்சந்திரா கேட்பார்கள். "மயான காண்டம் பார்த்து எத்தனை நாளாச்சு!" என்பார்கள். பெண்கள் பவளக்கொடி கேட்பார்கள். கடைசியில் வள்ளி திருமணம்தான் வரும். காரணம் இருக்கிறது. எந்த ஊர் நடிகரைக் கூப்பிட்டாலும் அவருக்கு வள்ளி திருமணம் பாடம். கலியாணத்தில் முடிகிற கதை, திருவிழாவுக்கு மங்கலம்.

அடுத்து ஆள் பிடிக்க வேண்டும். நாடக அமைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். குழு அவரிடம் போகும். "எங்க ஊருக்கு இன்னாருதான் வேணும்" என்று கேட்கும். அவர் தேதியைப் பார்ப்பார். பங்குனி, சித்திரை, வைகாசியில் எல்லா ஊரிலும் திருவிழா. நல்ல வள்ளிக்கு ஒரே நாளுக்கு நாலு ஊர் போட்டி. முந்தி அட்வான்ஸ் கொடுத்தவருக்கே வள்ளி!

நோட்டீசில் ஒரு முகமும் மேடையில் வேறொரு முகமும் வந்துவிட்டால் போச்சு. உடம்பு சரியில்லை, பஸ் கிடைக்கவில்லை என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. குழுத் தலைவர் அடுத்த திருவிழா வரைக்கும் பதில் சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும்.

பபூன் - டான்ஸ் கட்டத்தைப் பற்றியும் புகார் உண்டு. நாடகம் தொடங்கியதும் பபூன் வருவார். ஊரைச் சிரிக்க வைப்பார். பிறகு டான்ஸ்காரப் பெண் வருவார். வேடிக்கை வேடிக்கையாக இருக்கும் வரை நல்லதுதான். சில இடங்களில் பேச்சு எல்லை மீறிப் போகிறது. தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். இது பபூனின் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முன் வரிசையில் விசில் அடித்து ரூபாய் நோட்டை நீட்டுகிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே! நோட்டு நீட்டினால் மைக்கில் பெயர் வரும். நல்ல பாட்டுக்கும் அன்பளிப்பு உண்டு. மேடையில் ஏறி நடிகரின் உடையில் நோட்டைக் குத்திவிட்டு வருவார்கள். எந்தப் பாட்டுக்கு எத்தனை நோட்டு என்பதை மற்ற நடிகர்கள் கவனித்துக் கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டீசில் சின்ன வயது முகமாகத் தேடும் வழக்கம் பெருகிவிட்டது. செல்போனில் பாட்டைக் கேட்டு, படத்தைப் பார்த்து, ஆளை முடிவு செய்துவிடுகிறார்கள். தர்க்கம் செல்போனில் ஐந்து நிமிஷத்தில் தெரியாது. இருபது வருஷம் மேடையேறிய ஒரு வள்ளிக்குத்தான் நாரதரின் கேள்வி எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே தெரியும். அப்படிப்பட்டவருக்கு முகத்தில் வயது தெரிகிறது என்று சொல்லி ஒரு சீசனில் பத்து நாடகம் குறைந்தால், அந்தப் பத்து நாடகத்துச் சோறு எங்கிருந்து வரும்? அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வருஷத்தில் சில மாதங்கள்தான் வேலை.

நோட்டீஸ் இல்லாத வருஷம்

அந்தச் சில மாதங்களும் இல்லாமல் போன வருஷம் ஒன்று வந்தது. 2020 மார்ச் 25-ந் தேதி கொரோனாவுக்காக நாடெங்கும் ஊரடங்கு போட்டார்கள். சரியாகப் பங்குனி மாதம்! திருவிழாக்கள் நின்றன. வாங்கிய அட்வான்சைத் திருப்பிக் கேட்ட ஊர்களும் உண்டு, வைத்துக் கொள்ளுங்கள் என்று விட்டுவிட்ட ஊர்களும் உண்டு. 2021 மே மாதத்தில் மறுபடி ஊரடங்கு. இரண்டு சீசன்கள் பாழாயின. கிரீடம் வைத்தவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். தொழிலை விட்டவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. திருவிழா மீண்டும் தொடங்கிய போது, நோட்டீசைப் படித்தவர்கள் புது முகங்களைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பழைய நாரதர் எங்கே?" என்றுதான் கேட்டார்கள்.

விடியும் நேரம்

நாடகத்தன்று பத்து மணி என்று போட்டிருந்தால் பதினொன்று ஆகும். தாய்மார்கள் பாய், தலையணை, பிள்ளைக்குப் பால் எல்லாம் கொண்டு வந்து இடம் பிடித்திருப்பார்கள். பபூன் வரும் போது பிள்ளைகள் விழித்திருக்கும். நாரதர் வருவதற்குள் பாதி உறங்கிவிடும். நானும் சிறு வயதில் அப்படித்தான். தர்க்கத்தை நான் முழுக்கக் கேட்டது மீசை முளைத்த பிறகுதான். யானை வரும் போது மட்டும் அம்மா தட்டி எழுப்புவாள்.

கிழவன் தண்ணீர் கேட்டு, யானை வந்து வள்ளி பயந்து, கடைசியில் முருகன் தன் உருவம் காட்டும் போது கிழக்கு வெளுத்திருக்கும். மாலை மாற்றியதும் முன் வரிசையிலுள்ள கிழவிகள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்பு, "இவளுக்குக் குரல் பத்தாது" என்று சொன்ன கிழவியும் அதில் இருப்பாள்.

பிறகு மேடைக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைப்பார்கள். குழுத் தலைவர் பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். வள்ளியாக நடித்தவர் முதல் பஸ்சைப் பிடிக்க அவசரப்படுவார். அதற்குள் இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

"அம்மா, அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும். சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை. இப்பவே எழுதிக்குங்க."

அடுத்த வருஷத்து டைரி எங்கே இருக்கிறது? இந்த வருஷத்து டைரியின் கடைசித் தாளில் எழுதிக் கொள்வார். "முருகன் யாருண்ணே?" என்று அவர் கேட்பார்.